தடம் பதியாத ஊர்

எங்கள் ஊருக்கு இரட்சிப்பு ஒரு ஜெனரேட்டரின் சத்தத்தோடு வந்தது. மூச்சு வாங்கும் எருமையைப் போல டுபுடுபுவென்று இரைந்து, நடுவே நடுவே விக்கி, அந்த விக்கலில் பந்தல் விளக்குகள் எல்லாம் ஒரு கணம் மங்கி மறுபடி எரிய, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பாட்டுகள் மறந்துபோயின. அந்த இரைச்சல் போகவில்லை. பெனியேல்புரத்துக்குக் கரண்டு வராத காலம். பனையோலைப் பந்தலுக்குள், டியூப் லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு சபையார் எல்லாரும் உட்கார்ந்திருக்க, தூத்துக்குடியிலிருந்து நீல வேனில் வந்திருந்த பிரசங்கியார் வேர்வை வழிய நின்று, "இந்த ராத்திரி உன் ஆத்துமா உன்னிடத்திலிருந்து கேட்கப்பட்டால் நீ எங்கே இருப்பாய்?" என்று விரலை நீட்டி நீட்டிக் கேட்டார்.

கேட்டவர்களில் ஒருத்தி மட்டும் தன்னைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் பெயர் ஞானவடிவு. புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவன். ஒரே பிள்ளை தங்கசீலன், மீசை சரியாக அரும்பாத வயதில், யாருக்கும் ஒரு காரணமும் சொல்லாமல், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். அப்படிப் போனவர்களுக்கு எங்கள் சபையில் மணி அடிப்பதில்லை. சபைக் குருவான ஐயர் அங்கி போட்டுக்கொண்டு முன்னால் நடப்பதில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கள்ளிச்செடிப் பக்கமாக, நாலு பேர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். சீலனையும் அப்படித்தான் வைத்தார்கள். அன்றிலிருந்து ஞானவடிவு பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள இப்ப எங்க இருக்கான்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மாசிலாமணி ஐயரிடம் கேட்டபோது அவர் தரையைப் பார்த்தபடி, "கர்த்தருக்குத் தெரியும்மா" என்றார். கூட்டத்தின் கடைசி நாள் சாயங்காலம் அவள் மேடைக்கே போய்ப் பிரசங்கியாரிடம் கேட்டாள். அவர் ஈரமில்லாதவர் அல்ல; அவருக்கும் கண் கலங்கியது. ஆனாலும் மைக்கை அணைக்க மறந்து, "தங்கச்சி, வேதம் சொல்லுகிறதை நான் மாற்ற முடியாது. அவன் இருக்கிற இடத்துக்கு ஒளி கிடையாது. நீயாவது தப்பித்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டது.

ஞானவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலை விட்டு வெளியே போனாள். அவள் போன பிறகுதான் பிரசங்கியார் கைகளை உயர்த்தச் சொன்னார். நெல் முதிர்ந்த வயல் காற்றுக்குச் சாய்வதுபோலச் சபை முழங்காலில் சாய்ந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மணி அடிக்கிற யோபு விடியுமுன்னே கோயில் முற்றத்துச் செம்மணலைப் பெருக்கி, வாரியலின் வரிகள் மட்டும் தெரிய விட்டுவிட்டு, மணிக்கூண்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, வரிகள் கலையாமல் அப்படியே கிடந்தன. அவன் கால் அதில் பதியவில்லை. இரண்டு தரம் நடந்து பார்த்தான். பிறகு நேரமாகிறதென்று போய் மணியை அடித்தான். ஆராதனைக்கு வந்தவர்கள் வந்தார்கள், சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள், பாடினார்கள், போனார்கள். அத்தனை ஜனம் நடந்த முற்றத்தில் அங்கங்கே சில கால்தடங்கள் தவிர வேறொன்றும் இல்லை. "இரட்சிக்கப்பட்டவங்களுக்குப் பாரம் கிடையாதுல்லா, அதான் பதியல" என்று சபை மன்றத் தலைவர் வேதக்கண் சொன்னார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி விளக்கம் கேட்கவில்லை. மத்தியானம் எல்லார் வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பழகுவதுபோல. பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பெண்ணை முற்றத்தில் கிழக்கும் மேற்குமாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகுதான் பாட்டுப் படிக்கச் சொன்னார்கள். தடம் பதியாதவர்களுக்குக் கோயிலில் முன்வரிசைப் பாய் என்றாகி, தடம் பதிகிறவர்கள் பின்வாசலை ஒட்டி உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் இடுப்பில் பனையோலைத் துண்டைச் செருகிக்கொண்டு வந்து, நடக்கும்போதே தமக்குப் பின்னால் மண்ணைத் தடவிவிட்டுக்கொண்டார்கள், அதை மற்றவர்கள் பார்க்காததுபோல இருந்துகொண்டார்கள். கைப்பிள்ளைகள் எழுந்து நடக்கப் பழகியபோது மணலில் ஒன்றும் விழாததைக் கண்டு தாய்மார் முதலில் அழுதார்கள், பிறகு ஸ்தோத்திரம் பண்ணினார்கள். கொல்லாமரத்தில் முந்திரிக்கொட்டை திருடுகிறவனைப் பிடிக்க முடியாமல் போயிற்று. பக்கத்துச் சுடலைவிளையிலிருந்து பனங்கிழங்கு விற்க வருகிற கிழவி, "உங்க ஊருல எல்லாரும் பேயி மாதிரில்லா நடக்கிய! தல இருக்கு, உடம்பு இருக்கு, கால எங்கட்டி வச்சிய?" என்று தெருவில் நின்று கேட்டாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குதித்துக் குதித்துக் காட்டினார்கள். நான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்; விடுமுறைக்கு வரும்போது ஊரை ஒட்டிய செம்மணல் தேரியின் விளிம்பில் செருப்பைக் கழற்றி, ஒரு அடி வைத்து, திரும்பிப் பார்ப்பேன். எல்லாரும் அப்படித்தான் பார்த்தோம். திரும்பிப் பார்க்கிற வழக்கம் அப்போதுதான் எங்களுக்கு வந்தது.

அடுத்தடுத்து நடந்த ஜெபக்கூட்டங்களில் மிச்சமிருந்தவர்களும் ஒவ்வொருவராகத் தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். கள் குடிக்கிறவர்கள் ஒப்புக்கொடுத்தார்கள், வட்டிக்கு விடுகிறவர்கள் ஒப்புக்கொடுத்தார்கள், பனையோலைத் துண்டுக்காரர்களும் ஒருநாள் ஓலையைத் தூர எறிந்தார்கள். முடிவில், கோயில் முற்றத்தில் ஞாயிறுதோறும் ஒரே ஒருத்தியின் தடம், வாசலிலிருந்து பின்பாய் வரைக்கும், பின்பாயிலிருந்து வாசல் வரைக்கும்.

ஞானவடிவு ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. சங்கீதங்கள் மனப்பாடம். ஜெபத்தில் கண்ணை மூடினால் கடைசியாகத் திறப்பவள் அவள்தான். என் அம்மா சொர்ணம் அவளுக்கு நாத்தனார் முறை. கோயில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது மெல்லப் பேச்செடுத்தாள்.

"ஏன் மைனி, நீங்களும் ஒரு வார்த்தை ஒப்புக்கொடுத்துட்டா என்ன? ஊரே ஒரு மாதிரி பாக்குதுல்லா."

"ஒப்புக்கொடுத்தா எங்க கூட்டிட்டுப் போவாரு?"

"இது என்ன கேள்வி? பரலோகத்துக்குத்தான்."

"அங்க எம்புள்ள இருப்பானா?"

அம்மா இறைத்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றினாள்.

"இல்லைன்னு மைக்குல சொல்லியாச்சே," என்றாள் ஞானவடிவு. "எனக்குக் கர்த்தர் மேல கோவமில்ல சொர்ணம். அவரு நல்லவரு. அவரு வீட்டுக்கு நான் வரலைன்னு மட்டுந்தான் சொல்லுதேன். எம்புள்ள இருட்டுல பயப்படுவான். சின்னதுலேயே விளக்கு அணைஞ்சா என் சேலையப் பிடிச்சுக்குவான். அவன அங்க விட்டுட்டு நான் இங்க போயி என்ன செய்ய? தங்கத் தெருவுல உக்காந்து பாட்டுப் படிக்கவா?"

"அப்படியெல்லாம் சொல்லாதிய மைனி."

"குடத்தத் தூக்கு. தண்ணி வழியுது பாரு."

எங்கள் ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே தேரி கிடக்கிறது. செம்மணல் மேடு மேடாக, கடல் எழுந்து நின்று சிவந்துபோனதுபோல. ஆடிக்காற்றில் இன்றிருந்த மேடு நாளைக்கு இருக்காது. சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் அந்தப் பக்கம். வண்டியில் சுற்றிப் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். ஆகவே போகிறவர்கள் சூரியனைப் பார்த்துக்கொண்டு தேரியைக் கடந்து போய், வரும்போது காலையில் தாங்கள் போட்ட தடத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு வந்து சேருவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். இப்போது போனவர்களுக்குத் தடம் இல்லை. போனவர்கள் சுற்றினார்கள். சந்தைக்குப் போன பெண்கள் மறுநாள் நாக்கு வறண்டு வேறு ஊரில் போய் ஏறினார்கள். கம்பு நட்டுப் பார்த்தார்கள், ஒரு வாரத்தில் காற்று கம்புகளை விழுங்கியது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆடு கொல்லாமரம் கண்ட இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு புரட்டாசியில், அந்தப் பக்கத்து விளைத் தோப்பில் ஒரு நோயாளிக்கு ஜெபம் பண்ணப் போன எங்கள் உபதேசியார் திரும்பவில்லை. காக்கைகள் வட்டமிட்டதைப் பார்த்துப் போனபோது, வேதப்புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார், தூங்குகிறவரைப் போல. அவரைச் சுற்றிலும் மணல் துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் சபை மன்றத்தார் ஞானவடிவின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"தங்கச்சி, சபை ஒன்கிட்ட ஒரு ஊழியம் கேக்குது," என்றார் வேதக்கண்.

"என்ன ஊழியம் அண்ணாச்சி?"

"நடக்கணும்."

"நடந்துட்டுத்தான இருக்கேன்."

"எங்களுக்கு முன்னால நடக்கணும். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு. வரும்போது ஒந்தடத்தப் பிடிச்சு வந்துருவோம்."

ஞானவடிவு சிரித்துவிட்டாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். "பரலோகத்துக்கு வழி தெரிஞ்சிட்டு. சந்தையில இருந்து வீட்டுக்கு வர வழி தெரியலையாக்கும்!"

யோபு மட்டும் கூடச் சிரித்தான். வேதக்கண் அவனைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டான்.

"நடக்கேன்," என்றாள் அவள். "எனக்கு ஒண்ணு செய்யணும். நான் செத்தா மதிலுக்கு வெளிய, எம்புள்ளகிட்ட வைக்கணும். மணி கிடையாது, அங்கி கிடையாது. அவன எப்படி அனுப்புனியளோ அப்படியே அனுப்பணும். அப்பத்தான் அவன் போன வழிக்குப் போய்ச் சேருவேன்."

இவ்வளவுதானா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேதக்கண், "சரி தங்கச்சி. சபை சாட்சியா வாக்குக் குடுக்கோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அதன்பின் வருஷக்கணக்காக ஞானவடிவுதான் எங்கள் வழி. வியாழக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள் அவள் வாசலில் கூடி, "ஞானவடிவக்கா கிளம்பியாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொள்ள அவள் போனாள், வலி கண்ட பெண்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு முன்னால் அவள் போனாள், பாளையங்கோட்டைக்குத் திரும்புகிற என் பெட்டிக்கு முன்னாலும் போனாள். அவள் குதிகால் மற்றவர்களைவிட ஆழமாகப் பதியும். எவ்வளவு காற்றடித்தாலும் பொழுது சாயும்வரை தாங்கும். பின்னால் வருகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு அடையாளமும் விடாமல் வருவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதன்பிறகு அவள் இரட்சிக்கப்பட்டுவிடக் கூடாதே என்று ஊர் கவலைப்பட ஆரம்பித்தது. அவளுடைய ஆத்துமாவுக்காக ஜெபம் பண்ணுவதை நிறுத்தினார்கள். ஐயர் உருக்கமாகப் பிரசங்கம் பண்ணுகிற ஞாயிறுகளில் பெண்கள் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்து, அவள் கண் கலங்கினால் பதறினார்கள். நீல வேன் மறுபடி வந்த வருஷம், கூட்டம் நடந்த நாளெல்லாம், "உங்களுக்கு மேலுக்கு முடியலைல்லா மைனி, வீட்டுல இருங்க, நாங்க கஞ்சி கொண்டாரோம்" என்று பெண்கள் முறைவைத்து அவள் வீட்டில் காவல் இருந்தார்கள். பிரசங்கியார், "இந்த ஊரில் இன்னும் ஒரு ஆத்துமா வெளியே நிற்கிறதாகக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்" என்று கண்ணை மூடிச் சொன்னபோது, சபையார் எல்லாரும் ஒரே குரலாக, "யாருமில்ல ஐயா" என்றார்கள். ஞானவடிவு வீட்டுக்குள் இருந்து அதைக் கேட்டாள். காவலுக்கு இருந்த என் அம்மாவிடம், "நல்லதாப் போச்சு. நானும் அதத்தான வேண்டிக்கிட்டு இருக்கேன்" என்று கஞ்சியைக் குடித்தாள்.

வேதக்கண்ணின் மகள் கெத்சியாளுக்கு நிச்சயமான கல்யாணம், கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டான். ஆனி கழிந்து ஆடி பிறந்த ஒரு காலையில் அவள் தன் தாயிடம், "இனிமே எனக்குச் சோறு வடிக்காதிய" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள். சொன்னதன் அர்த்தம் தாய்க்கு உறைப்பதற்குள் பெண் தேரிக்குள் போய்விட்டாள். ஊர் ஓடிவந்து தேரியின் விளிம்பில் நின்றது. செம்மணல் புகைந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் போனாள் என்று காட்ட ஒரு விரல் அடையாளம் இல்லை. உள்ளே போனால் போகிறவனும் திரும்பமாட்டான். வேதக்கண் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் யாரும் அவர் வெறுந்தரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஞானவடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

பகல் முழுக்க அவள் நடந்தாள். கிழக்கே போய் மேற்கே திரும்பி, மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, உடைமரத்துக்கு உடைமரம் சுற்றி, தேரி முழுக்கத் தன் காலால் எழுதிக்கொண்டே போனாள். இதற்குமேல் நடந்ததைக் கெத்சியாளே பிற்பாடு எனக்குச் சொன்னாள். வெகுதூரம் போய் ஒரு பள்ளத்தில் அவள் படுத்திருக்கிறாள். வெயில் ஏற ஏறப் போன காரியம் மறந்து தாகம்தான் இருந்திருக்கிறது. திரும்பிவிடலாம் என்று எழுந்தால் திரும்ப வழி இல்லை. அப்போது காற்றில் ஒரு குரல். "சீலா... ஏ சீலா... எங்கய்யா இருக்க... அம்மா வந்துட்டேன்லா..." என்று. ஞானவடிவு தேடி வந்த பெண்ணின் பெயரை எங்கேயோ வழியில் விட்டுவிட்டாள். தான் கூப்பிடுவது வேறு பெயர் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கெத்சியாளுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும். குரல் வந்த பக்கம் திரும்பினாளாம். பிறகு, "இங்க இருக்கேன்," என்று குரல் கொடுத்தாளாம்.

கூப்பிட்ட சத்தம் நின்றுவிட்டது. கெத்சியாள் மேட்டில் ஏறிப் பார்த்தபோது கால்தடங்கள் தெரிந்தன; அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாவது மேட்டுக்கு அப்பால் தடம் முடிந்த இடத்தில் ஞானவடிவு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பாதங்களும் கடைசித் தடத்துக்குள் இருந்தன. பதில் கேட்டு முன்னால் ஒரு அடி வைத்திருக்கிறாள், அது பதியவில்லை. காலை எடுத்துப் பழைய தடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வெளியே வரப் பயந்து, தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்த," என்றாள் கெத்சியாள்.

"ஒன்னத்தான் தேடி வந்தேன் மக்கா," என்றாள் அவள், நினைவு வந்தவளாக. "நீ பதில் சொன்னியா? எதுக்கு பதில் சொன்ன?"

ஏற்கெனவே போட்டிருந்த தடங்களின்மேல் நடந்து இருவரும் பொழுது அடையுமுன் ஊர் வந்து சேர்ந்தார்கள். அதுதான் ஞானவடிவு தேரியில் விட்ட கடைசித் தடம்; அன்றிரவுக் காற்று அதை மூடியது.

ஊர் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. வேதக்கண் எல்லார் முன்னாலும் அவள் காலில் விழுந்தார். அவள் அவரைத் தூக்கவுமில்லை, பேசவுமில்லை. அவர் எழுந்த பிறகு, அவர் விழுந்த இடத்தில் காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவள் தலையில் அம்மிக்கல்லைச் சுமந்துகொண்டு நடப்பதைப் பார்த்தோம். பிறகு அம்மிக்கல்லும் இடுப்பில் தண்ணீர்க்குடமுமாக. பிறகு ஒரு கோணிப்பை நிறைய மணல். கழுத்து நரம்பு புடைக்க, வேர்வை சொட்ட, கள்ளிச்செடிப் பக்கம் மகனிடம் போய் நின்று, சுமையோடு குதிகாலை ஊன்றி ஊன்றிப் பார்ப்பாள். சுமையிலிருந்து சிந்திய தண்ணீர் மணலில் குழி விழுத்தியது. அவள் கால் விழுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் ஐயரைப் பார்க்கப் புறப்பட்டபோது, வழியில் விழுந்துவிடுவாளோ என்று அம்மாவும் நானும் கூடப் போனோம். ஐயர் தன் வீட்டு வாசலில் இருந்தார். அவருக்கு அப்போது வயதாகிவிட்டது. மாற்றல் வந்தும் சபையார் கேட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் கடப்பைக்கல் பாவியிருந்தது. மழையில் அங்கி அழுக்காகிறது என்று பாவச் சொன்னார். எங்கள் ஊரில் மழை பெய்வது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. வேறெங்கே போனாலும் வண்டியில்தான் போவார்.

"ஐயரே, இதத் திருப்பிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டாள் ஞானவடிவு.

"எதம்மா?"

"நான் கேக்கல. ஒரு நாளும் கேக்கல. கேக்காதவளுக்கு ஏன் குடுத்தாரு? அவருகிட்ட சொல்லி எடுத்துக்கிடச் சொல்லுங்க."

"ஞானவடிவம்மா, இப்படி நினைச்சுப் பாருங்க. அவன் அங்க இல்லாம இருந்தா, உங்களை அவர் கூப்பிட்டிருப்பாரா?"

"அப்படின்னு வேதத்துல இருக்கா?"

"இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றார். "ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தாங்கமுடியாமல் அவர் வாசலில் இருந்து எழுந்து, அவளிடம் வருவதற்காகக் கல்லை விட்டு மணலில் இறங்கி நாலைந்து அடி வைத்தார். என் அம்மாதான் முதலில் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். செருப்பில்லாத அவருடைய பாதங்கள், பெருவிரலும் குதிகாலும் தெரிய, மணலில் நன்றாகப் பதிந்திருந்தன. அவர் குனிந்து அதைப் பார்த்தார். மறைக்கவில்லை.

ஞானவடிவு அழுகையை நிறுத்தினாள். தரையில் உட்கார்ந்து, அந்தத் தடங்களில் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறவளைப் போல.

"எத்தன வருசமாய்யா?"

"முதல்ல இருந்தே."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"யாருகிட்ட சொல்ல?"

அவள் மிகவும் மரியாதையாக, பட்டணத்துக்குப் போகிறவரிடம் சொல்லிவிடுகிறவளைப் போலச் சொன்னாள்: "அப்ப நீங்க அங்கதான் போவிய. எம்புள்ளயப் பாத்தா ஒரு வார்த்தை சொல்லணும். அம்மா வரத்தான் இருந்தா, வரவிடாமப் பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கிடாண்டாம்னு சொல்லுங்க. இருட்டா இருந்தா... நீங்க கூட இருந்துக்கிடுவியளாய்யா?"

"இருக்கேம்மா," என்றார் மாசிலாமணி ஐயர்.

நாங்கள் மூவரும் திரும்பி வந்தோம். அவள் அதன்பிறகு கல் சுமக்கவில்லை.

அடுத்த வைகாசியில் ஞானவடிவு தூக்கத்தில் போய்விட்டாள். சபை மன்றம் கூடியது. வாக்குக் கொடுத்திருக்கிறோம், வெளியேதான் வைக்கவேண்டும் என்று ஐயர் ஒருவர்தான் சொன்னார். வேதக்கண் குரல் உடைந்து, "எம்மகளக் கொண்டு வந்து குடுத்தவள மதிலுக்கு வெளிய போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட நற்கருணை வாங்குவேன்? அவ இரட்சிக்கப்பட்டவ ஐயரே, ஊரே கண்ணால கண்டது" என்றார். பெண்கள் பக்கமிருந்து என் அம்மா எழுந்து, "அப்ப அந்தப் பையனையும் உள்ள எடுத்து வையுங்களேன் அண்ணாச்சி" என்றாள். "அது வேற காரியம் தங்கச்சி," என்றார் அவர், வருத்தத்தோடுதான். அன்பில்லாமல் யாரும் எதுவும் செய்யவில்லை. சந்தனப்பெட்டி செய்தார்கள், சுற்று ஊர்ச் சபைகளின் சேகரத்துப் பாடகர் குழுவை வரவழைத்தார்கள், யோபு கை ஓயும்வரை மணி அடித்தான். கல்லறைத் தோட்டத்தின் நடுவில், சிலுவைப் பீடத்தை ஒட்டிய உயர்ந்த இடத்தில், மதிலிலிருந்து எவ்வளவு தூரமாக முடியுமோ அவ்வளவு தூரத்தில் அவளை வைத்தார்கள். போகிறபோது ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு போனார்கள். ஐயர் ஏறியிருந்த வண்டியின் சக்கரக் கோடு தவிர மணலில் ஒரு தடமும் இல்லை.

தேரியைக் கடக்க அரசாங்கம் தார் ரோடு போட்டது அதற்கு வெகுகாலம் கழித்து. அதுவரை ஊர் வண்டியில் சுற்றித்தான் போயிற்று. கெத்சியாள் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் நர்ஸ் வேலைக்குப் படித்தாள்.

மாசிலாமணி ஐயர் ஓய்வுபெற்ற பிறகும் பெனியேல்புரத்திலேயே இருந்தார். ஒரு கார்த்திகை மாதத்தில், மார்ச்சளி கண்டு, கெத்சியாள் பக்கத்தில் இருக்க இறந்துபோனார். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தபடி, அவரைத் தங்கசீலனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.